பசுமை போர்த்த பாலை

நிலம் தன் இயல்பு திரிந்தால் என்னவாகும் என்னும் வினாவிற்குத் தமிழில் கிடைக்கும் பழைய விடை சிலப்பதிகாரத்தில் உள்ளது. காடுகாண் காதையில், மாங்காட்டு மறையோன் வாய்மொழியாக, முல்லையும் குறிஞ்சியும் கோடை வெம்மையால் தம் நல்லியல்பை இழந்து துயர் தரும் வடிவம் கொள்ளும்போது அவ்வடிவத்திற்குப் பாலை என்று பெயர் என இளங்கோவடிகள் கூறுவார். தொல்காப்பியர் நானிலம் வகுத்தபோது பாலைக்குத் தனி நிலம் ஒதுக்காமல் விட்டதையும், அதனை நடுவுநிலைத் திணை என வழங்கியதையும் இதனோடு இணைத்து எண்ணுதல் வேண்டும்.

அவ்விடையில் ஒரு நுட்பம் உண்டு. பாலைக்கென்று பிறந்த மண் இல்லை. பிற நிலங்களுக்கு நேரும் ஒரு நிலையே பாலை. நிலத்தின் மேற்போர்வை மாறக்கூடியது என்பதையும், அம்மாற்றம் உயிர்களுக்குத் துயர் தரும் என்பதையும் நம் முன்னோர் இலக்கணமாகவே எழுதி வைத்தனர். ஆயின் அவர்கள் கண்ட பாலை பசுமை இழந்த பாலை. கடந்த இருநூறு ஆண்டுகளில் நம் குறிஞ்சிக்கும் முல்லைக்கும் நேர்ந்த திரிபோ வேறு வகையானது. அது மரங்களோடு வந்தது. பச்சை நிறத்தில் வந்ததனால் அதனை நாம் இழப்பென்றே உணரவில்லை. அத்திரிபின் வரலாற்றை, நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகளை முதற்சான்றாகவும், நம் கண்டரமாணிக்கத்தைச் சூழ்ந்த செம்மண் நிலத்தை இரண்டாம் சான்றாகவும் கொண்டு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புல்வெளியின் செடி

நம் மாவட்டத்துப் பிரான்மலையே பாரியின் பறம்பு என்பது அறிஞர் பலரின் துணிபு. முல்லைக்குத் தேர் ஈந்தவன் அங்கே அரசிருந்தான். குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிய கபிலர் அவனுக்குத் தோழராயிருந்தார். முல்லையையும் குறிஞ்சியையும் ஒருசேர நினைக்க நம் மண்ணிலும் சிறந்த இடம் வேறில்லை.

குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்த செடியோ பறம்பினும் மிக உயர்ந்த மலைகளுக்கு உரியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. இனி 2030இல் பூக்கும் என எதிர்நோக்கப்படுகிறது. கவிஞர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மலை என்றதும் அடர்ந்த மரக்காடு நம் மனக்கண்ணில் எழுகிறது. ஆனால் குறிஞ்சி அடர்காட்டு நிழலில் வளர்வதன்று. வெயில் படும் திறந்த சரிவுகளில் புல்லோடு புல்லாகத் தழைப்பது. திணையின் பெயரே புல்வெளியிலிருந்து பிறந்தது எனலாம்.

நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகியவற்றின் உச்சிப் பகுதிகளில் இயற்கை ஓர் ஒழுங்கை வகுத்திருந்தது. காற்றுக்கும் பனிக்கும் ஒதுங்கிய மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் குட்டையான மரங்கள் செறிந்த சோலைகள். உறைபனி விழும் மேடுகளில் அலையலையாகப் புல். சங்கப் பாடல்கள் வருடை எனக் குறிக்கும் வரையாடு இப்புல்லை நம்பியே வாழ்கிறது.

கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறினார். அவருக்குப் பின் வந்த ஆங்கிலேயர் இப்புல்மேடுகளைக் கண்டு வியந்ததைவிட, தம் நாட்டை அங்கே கண்டு மகிழ்ந்ததே மிகுதி. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் 'மூர்' எனப்படும் மேட்டு நிலங்கள் உண்டு. அவை மரமற்றவை, வளமற்ற புளிப்பு மண்ணும் ஈரச் சதுப்பும் கொண்டவை. அங்கே ஹெதர் என்னும் குறுஞ்செடி ஆவணி மாத அளவில் ஊதாப் பூவாகப் பூத்து மலையையே போர்த்தும். குறிஞ்சி பூத்த நீலகிரிச் சரிவு அவர்கள் கண்ணுக்கு அவ்வாறே தோன்றியதில் வியப்பில்லை. உதகையை அடுத்த புல்வெளிகளுக்குத் தம் நாட்டு வழக்கில் 'டவுன்ஸ்' என்றே பெயரிட்டனர். அத்துடன் நில்லாமல், தம் மூர் நிலத்து மஞ்சட்பூப் புதர்களான கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் ஆகியவற்றையும் கொணர்ந்து நட்டனர். ஊர் நினைவுக்காக நட்ட அச்செடிகள் இன்று நீலகிரியின் புல்வெளிகளில் பரவும் களைகள்.

சேற்றில் எழுதிய வரலாறு

இவ்விரு நிலங்களும் தோற்றத்தில் ஒத்தவை, வரலாற்றில் வேறுபட்டவை. மூர் நிலங்களின் சதுப்புச் சேற்றில் படிந்த பூந்துகளை அடுக்கடுக்காக ஆய்ந்தவர்கள், அவற்றுள் பெரும்பகுதி ஒருகாலத்தில் மரக்காடாயிருந்ததென்றும், பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் வெட்டியும் எரித்தும் மேய்த்தும் வந்ததாலும் தட்பவெப்பம் மாறியதாலும் மரமற்ற வெளியாயிற்றென்றும் கண்டனர்.

இதே கருத்தை நீலகிரிக்கும் நெடுங்காலம் பொருத்தி வந்தனர். சோலை முன்பு எங்கும் பரவியிருந்தது. மனிதர் அழித்ததால் புல் வந்தது. ஆதலின் புல் குறைபட்ட நிலம் என்பது அவ்வாதம். இதனைச் சோதித்தது நீலகிரியின் சதுப்புச் சேறே. ஆர். சுகுமார் முதலிய இந்திய ஆய்வாளர்கள் அச்சேற்றின் கரிமத்தைப் பகுத்து 1993இல் 'நேச்சர்' இதழில் தம் முடிபை வெளியிட்டனர். மரங்களும் வெப்பநாட்டுப் புற்களும் காற்றிலிருந்து கரிமத்தை வெவ்வேறு முறையில் ஏற்பவை. ஆதலின் மக்கிய பின்னும் எது புல், எது மரம் என்னும் தடயம் சேற்றில் நிற்கும். அத்தடயம் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புல் இருந்ததைக் காட்டியது. உலகம் குளிர்ந்து வறண்ட காலங்களில் புல் விரிந்தது. பருவமழை வலுத்த காலங்களில் சோலை விரிந்தது. மேடும் மடிப்பும் மாறி மாறி விட்டுக்கொடுத்த இயற்கை ஒப்பந்தம் அது. உழவு தோன்றுமுன்னரே அங்குப் புல் இருந்தது என்பதே இதன் பொருள்.

தோடர் காத்த நிலம்

புல் தொன்மையானது என்பதால் மனிதருக்கு அதில் பங்கில்லை என்பதன்று. தோடர்கள் தம் எருமை மந்தைகளைப் பருவத்திற்கேற்ப இடம் மாற்றி மேய்த்தனர். காய்ந்த புல்லை அளவாக எரித்துப் புதுத்தளிர் வரச் செய்தனர். தோடர் கோயிலுக்குக் கூரை வேய வேண்டிய புல்லும் இவ்வெளிகளிலிருந்தே வந்தது. மரே எமனோ 1971இல் தொகுத்து வெளியிட்ட தோடர் பாடல்கள், இடப்பெயர்களும் எருமைப் பெயர்களும் இணை இணையாய் நிற்கும் மரபுத்தொடர்களால் ஆனவை. வெளியார் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரிந்த மேடு அவர்களுக்குப் பெயர்களால் நிறைந்திருந்தது. பாட்டில் இடம்பெற்ற நிலத்தை வெற்றிடம் என்று எவ்வாறு சொல்வது?

ஆனால் வருவாய்க் கணக்கு அவ்வாறே சொல்லிற்று. உழுது வரி கட்டாத நிலம் எதுவாயினும் அதற்கு ஒரே பெயர்: தரிசு. தோடர்களின் நில உரிமையை ஏற்க வேண்டுமெனச் சல்லிவன் வாதிட்டதுண்டு. எனினும் ஆட்சி பெரிதும் வேறு வழியில் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரிசு நில விதிகளின் கீழ் மேட்டு நிலங்கள் தோட்ட முதலாளிகளுக்குச் சென்றன. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் எஞ்சியவற்றுள் பலவற்றைக் காடு என வகைப்படுத்திற்று. காடென்று எழுதியபின் அங்கே மரம் இல்லாதது ஒரு குறையாயிற்று. குறையை நிரப்புவது கடமையாயிற்று. மேய்ச்சலும் தீயும் குற்றமாயின.

புல் இழந்த மலைகள்

நிரப்பும் பணி முன்னரே தொடங்கியிருந்தது. உதகை வளர வளர அடுப்புக்கும் கணப்புக்கும் விறகு வேண்டியதாயிற்று. அருகிருந்த சோலைகள் வெட்டுண்டன. அவற்றை ஈடுசெய்ய 1830களில் ஆஸ்திரேலியச் சீகை மரமும், 1840களில் நீலகிரி மக்கள் கற்பூர மரம் என்றழைக்கும் யூக்கலிப்டசும் வந்தன. 1863இல் உதகையின் ஆரம்பிப் பகுதியில் முறையான தோட்டம் எழுந்தது. சோலையைக் காக்கவே இவை நடப்பட்டன என்பதை நாம் மறக்கலாகாது, நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் நட்ட இடமோ புல்வெளி.

விடுதலைக்குப் பின் இப்பணி குன்றவில்லை; பெருகிற்று. தோல் பதனிடச் சீகைப் பட்டையும், செயற்கைப் பட்டிற்கும் காகிதத்திற்கும் மரக்கூழும் வேண்டுமென்று ஐந்தாண்டுத் திட்டங்கள் கேட்டன. தேயிலையும் உருளைக்கிழங்கும் தம் பங்கை எடுத்துக்கொண்டன. நட்ட எல்லைக்குள் சீகை நிற்கவில்லை. அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கி, தீயோ வெட்டோ நேர்ந்ததும் திரண்டெழுந்து அடுத்த மேட்டிற்குச் சென்றது.

விளைவைச் செயற்கைக்கோள் படங்கள் அளந்து காட்டுகின்றன. 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது என 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1973 முதல் 2017 வரையில் தென்மேற்கு மலைத்தொடரின் உயர்புல்வெளிகளில் ஏறத்தாழ 340 சதுர கிலோமீட்டர், அஃதாவது 23 விழுக்காடு, அயல் மரங்களின் கீழ்ச் சென்றது என அதே ஆய்வுக்குழுவினர் மறு ஆண்டில் எழுதினர். இருபதாயிரம் ஆண்டுகள் நின்ற ஒன்று ஒரு தலைமுறையில் இவ்வளவு குறைந்தது. சோலையின் பரப்பில் இவ்வளவு பேரிழப்பு இல்லை. புல்லுக்கு வழக்காட எவரும் இல்லாமையே காரணம்.

நீரின் கணக்கையும் பார்க்க வேண்டும். உதகை மண்வள ஆய்வாளர்கள் கிளென்மார்கன் பகுதியில் அடுத்தடுத்த இரு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் ஒரு பகுதியில் யூக்கலிப்டசு நட்டு ஒப்பிட்டனர். முதல் பத்தாண்டுச் சுற்றில் நட்ட பிடிப்பிலிருந்து வந்த நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. 1932 முதல் பைக்காராவில் மின்னாக்கி, பவானி வழியாகச் சமவெளி வயல்களுக்கு இறங்கும் நீர் இம்மேடுகளின் நீர். மேல்மலையில் புல் போனால் கீழ்நாட்டு உழவனுக்கும் அதில் இழப்புண்டு.

இப்பிழை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1980களில் வட ஸ்காட்லாந்தின் 'ஃபுளோ கன்ட்ரி' என்னும் பெருஞ்சதுப்பு மூரை வடித்து, வரிச் சலுகைக்காக ஊசியிலை மரங்களை நட்டனர். பின்னர் பிழை உணர்ந்து அம்மரங்களை வெட்டி, வடிகால்களை அடைத்துச் சதுப்பை மீட்கத் தொடங்கினர். அந்நிலம் 2024இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. நம் முக்கூர்த்தியிலும் சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் பணி நடைபெற்று வருகிறது. ஆயினும் மரத்தை அகற்றுவது எளிது. புல்லை அழைப்பது அரிது. சில இடங்களில் பழைய சீகைத் தோப்பின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் முளைத்துள்ளமையால், எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதே பெரும் ஆய்வுக்குரியதாகி விட்டது.

நம் செம்மண் நிலம்

மலையிலிருந்து நம் ஊருக்கு இறங்குவோம். மலையில் குறிஞ்சியை மாற்றிய அதே சொல், அதே வனத்துறை மரபு, இங்கே முல்லையை மாற்றிய வரலாறு இன்னும் நமக்கு அண்மையது.

செம்புறை மண் பரந்த இந்நிலம் பெருங்காட்டிற்கு உரியதன்று. வடகிழக்குப் பருவமழையை நம்பி, கண்மாயில் நீர் தேக்கி, பள்ளத்தில் நெல்லும் மேட்டில் வரகும் விளைத்த நாடு இது. கண்மாய்க்கு மேலே இருந்த மேடு ஆவாரையும் காரையும் சூரையும் இடையிடையே புல்லும் நின்ற திறந்தவெளி. ஆநிரை மேய்ந்ததும், கௌதாரியும் முயலும் ஒதுங்கியதும் அங்கேதான். சங்க முல்லையின் கருப்பொருள்களான வரகு, கொன்றை, ஆயர் குடி ஆகியவற்றை அடுக்கிப் பார்த்தால், முல்லை அடர்வனம் அன்று என்பதும் புதரும் புல்லும் கலந்த வெளியே என்பதும் விளங்கும். முல்லைப் பாடல்களில் துள்ளும் இரலையின் இனமாகிய புல்வாய் இன்று கோடியக்கரை, கிண்டி, சத்தியமங்கலம் போன்ற சில இடங்களில் மட்டுமே எஞ்சியுள்ளது. புல்லையே பெயரில் தாங்கிய விலங்கு புல் சுருங்கச் சுருங்கத் தானும் ஒதுங்கிற்று.

சமீன் காலத்தில் இம்மேடுகள் பெரும்பாலும் ஊர்ப்பொது மேய்ச்சலாய் இருந்தன. 1948ஆம் ஆண்டுச் சமீன் ஒழிப்புச் சட்டத்தால் அவை அரசுடைமையாயின. கணக்கில் அவை பெற்ற பெயர்களை நாம் இன்றும் கிராம நிர்வாக அலுவலகத்தில் கேட்கலாம்: தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு. 'புறம்போக்கு' என்னும் சொல் இன்று வசைச்சொல்லாகவும் வழங்குவது, அந்நிலத்தை நாம் எவ்வாறு மதித்தோம் என்பதற்குச் சான்று. 2000ஆம் ஆண்டில் செயற்கைக்கோள் கொண்டு வெளியிடப்பட்ட இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுதியும் திறந்த புதர் நிலத்தைத் தரிசாகவே எண்ணிற்று. கருவி புதியது, சொல் பழையது.

தரிசென்று பெயர் பெற்றதன்மேல் இரு மரங்கள் வந்தேறின. ஒன்று சீமைக்கருவேலம். தாது வருடப் பஞ்சத்தை ஒட்டிய 1870களில், சென்னை மாகாண வனப் பாதுகாவலராயிருந்த பெட்டோம் வறண்ட நிலங்களுக்கு விறகு தரும் மரமென்று இதன் விதையை வேண்டினார். தென்னமெரிக்கப் பகுதியைச் சார்ந்த அம்மரம், பின்னர் அரசின் ஊக்கத்தாலும் ஆடுமாடுகளின் வயிற்றின் வழியாகவும் பரவி, இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் கண்மாய்களையும் மேடுகளையும் மூடிற்று. மற்றொன்று, நம் பக்கத்து மக்கள் தைலமரமென்றும் ஆர்.எஸ்.பதி மரமென்றும் அழைக்கும் யூக்கலிப்டசு. 1974இல் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் அமைந்தபின் புதுக்கோட்டை, சிவகங்கைச் செம்மண் மேடுகளில் காகித ஆலைகளுக்காக இது வரிசை வரிசையாக எழுந்தது. தோட்டத்து வரப்புகள் மழைநீரை மறிப்பதால் கண்மாய்க்கு வரத்து இல்லை என்பது உழவர்களின் நெடுநாள் முறையீடு.

இங்கும் நீதி வழுவாது பேச வேண்டும். வானம் பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டம் போட்டு உலை வைத்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் பல. சீமைக்கருவேலம் அவர்களுக்குச் சோறிட்டது. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதனை அகற்ற ஆணையிட்டதும், அதே ஆண்டில் அவ்வாணை நிறுத்தி வைக்கப்பட்டு மறு ஆய்வுக்குச் சென்றதும், இச்சிக்கலின் இரு முகங்களைக் காட்டும். 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்கள் குறித்துத் தனிக் கொள்கை வெளியிட்டது. அகற்றியபின் அங்கே எதைக் காண விரும்புகிறோம் என்னும் வினாவிற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அலுவலர் மட்டுமல்லர், நாமும்தாம்.

பொட்டலின் மதிப்பு

அவ்விடைக்கு நம் ஊர் வழக்கே துணை செய்யும். சிராவயலில் தை மூன்றாம் நாள் மாடுகள் ஓடும் இடத்தை மக்கள் மஞ்சுவிரட்டுப் பொட்டல் என்பர். அங்கே எவரும் மரம் நட வேண்டுமென்று கேட்பதில்லை. வெளியாக இருப்பதே அதன் பயன் என்று ஊர் அறியும். திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப்பட்டியில், கண்மாய்க்கு வரும் பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊரார் இருக்கின்றனர். 1977இல் அரசு அதனைச் சரணாலயமாக அறிவித்தது. அதற்கு முன்பும் பின்பும் அந்நீரையும் கரையையும் காப்பது ஊரார் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட கட்டு. நிலத்தை அதன் இயல்பிலேயே மதிக்கத் தெரிந்த மக்கள் நாம். கணக்கேட்டின் சொல்லை நம் சொல்லாக ஏற்றபோதுதான் அவ்வறிவு மங்கிற்று.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி ஊருக்கு மேற்கேயுள்ள பொட்டலில் மரக்கன்றுகள் நடலாம் என்று நம் வட்டத்தின் கூட்டத்தில் கருத்து வந்தபோது கைதூக்கியவர்களுள் நானும் ஒருத்தி. வகுப்பறையில் இருபது ஆண்டுகளாக முல்லைத் திணை நடத்தி வந்த நான், அப்பொட்டலை ஒருமுறையேனும் முல்லை என்று எண்ணிப் பார்த்ததில்லை. இக்கட்டுரைக்காக ஒரு மார்கழிக் காலையில் அங்குச் சென்றேன். ஆவாரை பூத்திருந்தது, புல்லின் நுனிகளில் பனி நின்றது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் ஒவ்வொரு புல்லுக்கும் ஒரு பெயர் சொன்னார். அவற்றுள் பாதியை நான் எந்த நிகண்டிலும் கண்டதில்லை. கையெழுத்தேட்டில் குறித்துக்கொண்டு திரும்பினேன்.

ஆதலின் வட்டத்து அன்பர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. கன்றுகளை ஊருணிக் கரையிலும், பள்ளிகளைச் சுற்றியும், சாலையோரத்திலும் நடுவோம். பொட்டலைப் பொட்டலாகவே விடுவோம். அடுத்து, அம்முதியவரைப் போன்றோர் அறிந்த புல்லின் பெயர்களையும் புதரின் பெயர்களையும் அவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தொகுப்போம். கபிலர் தொண்ணூற்றொன்பது பெயர்களை எழுதி வைத்ததனால் அம்மலர்களை நாம் இன்றும் தேடுகிறோம். இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது, நம் செம்மண் மேட்டிலிருந்து அதில் பாதியளவேனும் நாம் திரட்டியிருக்க வேண்டும்.